இடது கன்னத்தின் வயது

எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே, பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூற்றுப்பத்துப் பேர். ஆவணங்களை நம்பினால், அவர்களில் தொண்ணூறு பேர் ஜனவரி முதல் தேதியிலோ ஜூன் முதல் தேதியிலோ பிறந்தவர்கள். அந்த இரண்டு நாள்களில் வட சென்னையின் பிரசவ வார்டுகள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துப் போட்ட தேதி, ஆதார் முகாமில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பசி நேரத்தில் போட்ட தேதி, வேலைக்கு ஆகுமென்று தானே யோசித்துப் போட்டுக்கொண்ட தேதி. இதையெல்லாம் பொய் என்பது கொஞ்சம் கடுமை. அந்தப் பக்கத்தில் வயது என்பது பேசி முடிவு செய்துகொள்ளும் விஷயம்.

பகலவனிடம் மட்டும் உண்மையான தேதி இருந்தது. கஷ்டமும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அவர் பிறந்தது ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில், ஓர் அக்டோபர் பதினேழாம் தேதி, விடியற்காலை நாலு இருபதுக்கு. அவருடைய அப்பாவுக்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாமல் ஒரு நிரந்தர வேலை கைநழுவிப் போனதாம். அந்த ஆத்திரத்தில் மகன் பிறந்த வாரமே மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, நேரம் நிமிடம் முத்திரை எல்லாம் விழுந்த சான்றிதழ் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். அதன்படி இது நடந்தபோது பகலவனுக்கு வயது நாற்பத்தொன்பது. இதை நம்ப அவர் மனைவி ஞானசெல்வியையும் மகள் மதியையும் தவிர ஒருவரும் தயாராக இல்லை.

இருபத்தாறு வருடமாக அவர் நின்றது உலைக்கு முன்னால். ஆலையில் அதை பர்னஸ் என்பார்கள். உருகிய இரும்பின்மேல் பாலாடை போல மிதக்கும் கசடை நீளக் கம்பியால் வழித்துத் தள்ளுவது வேலை. கம்பியைப் பிடிக்கும்போது இடது தோளை முன்னால் கொடுத்து நிற்பார். இடது கன்னம் உலையைப் பார்க்கும், வலது கன்னம் சுவரைப் பார்க்கும். இருபத்தாறு வருடம் இப்படியே பார்த்ததில், வலது பக்கமிருந்து பார்ப்பவர் ஐம்பது என்பார், இடது பக்கமிருந்து பார்ப்பவர் அறுபத்திரண்டு என்பார். நேராக நின்று பார்த்தால், ஒரு முகத்தை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

இதற்கு விஞ்ஞானத்தில் காரணம் உண்டு. தோலுக்குள் ஹயலூரானிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அமிலம் என்பது பெயரில் மட்டும்தான். எரிக்காது, அரிக்காது. சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலி, தொட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. தோல் தளதளவென்று இருப்பது அதனால்தான். எழுபது கிலோ ஆளின் உடம்பு முழுக்க வழித்தாலும் பதினைந்து கிராமுக்கு மேல் தேறாது. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்கிறது. வயது ஏற ஏற, உடைப்பது குறைவதில்லை, செய்வது சுணங்கிவிடுகிறது. வெயிலும் அனலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பகலவனின் இடது கன்னத்தில் கட்டுமானம் நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது.

போன கோடையில் வேறொருவர் உலையருகே மயங்கி விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் காலைப் பிடித்து இழுத்ததில் உயிர் தப்பியது. அதன்பிறகு ஒப்பந்தக்காரர் ஒரு விதி கொண்டுவந்தார்: ஐம்பதைத் தாண்டிய யாரும் உலைப்பக்கம் நிற்கக் கூடாது. நல்ல விதி. தொழிலாளியைக் காப்பாற்ற எழுதப்படும் பல விதிகளைப் போல, இதுவும் முதலில் அவனை வெளியே அனுப்பியது.

காகிதத்தை யாரும் நம்பாததால், யாருக்கு என்ன வயது என்று தீர்மானிக்கும் பொறுப்பு சூப்பர்வைசர் மணியின் கண்களுக்கு வந்தது. மணி கெட்டவரல்ல. எழுதி வைத்ததை விட்டுக் கண்ணால் கண்டதை நம்புகிறவர். அறிஞர்கள் காலங்காலமாகப் பாராட்டி வந்த குணம்தான். மார்ச் மாதம் பட்டியலோடு வந்தவர் பகலவன் முன்னால் நின்றார்.

"இன்னா நைனா, நாப்பத்தொம்போதுன்னு போட்டுகினு கீறே. மூஞ்சி அறுவத்தத் தாண்டிப் போயிகினு கீது."

பகலவன் மறுநாள் சான்றிதழின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். மணி அதை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். நாலு இருபது என்ற நேரத்தைப் படித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஷோக்கா அடிச்சுக்கிறானுங்க. டைம்லாம் போட்டுக்கீது பாரு. அங்கதான் மாட்டிக்கினே. ஒர்ஜினல்ல யாரு நைனா இவ்ளோ வெவரம் போடுவான்?"

சிரித்து முடித்தபின் அவருக்கே மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, வருகைப் பதிவுக்கு முகத்தைப் பார்க்கும் மெஷின் வைக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு ஒப்பந்தக்காரரே நேரில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஏற்றுவார். அதுவரை தான் எதுவும் எழுதப்போவதில்லை, அதற்குள் அந்த மூஞ்சியை என்ன செய்யமுடியுமோ செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகலவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வருடம். மதி நர்சிங் மூன்றாம் வருடம் முடித்துக் கடைசி வருடத்தில் காலெடுத்து வைத்திருந்தாள். அவள் வெள்ளை உடுப்போடு சம்பளத்துக்குப் போகிற அன்று தான் உலையை விட்டு விலகுவதென்று பகலவன் கணக்குப் போட்டிருந்தார். உலைப்பக்கம் கிடைப்பதில் பாதிகூட வெளியே கிடைக்காது. அவள் பாதியில் நின்றால் அவளும் அம்மாவைப் போலத் துடைப்பம்தான் பிடிக்கவேண்டும். இதை அவர் மகளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

சக தொழிலாளி கமால் இந்த விஷயத்தில் பெரிய ஆறுதல். ஆறுதல் சொன்னதால் அல்ல, பக்கத்தில் நின்றதால் வந்த எரிச்சல் மற்ற கவலைகளை மறக்கடித்தது. கமாலின் உண்மை வயது ஐம்பத்தெட்டு. காகிதத்தில் நாற்பத்தாறு. முகத்தில் நாற்பத்தைந்து. பதினெட்டு வருடம் கிரேன் கேபினில் கண்ணாடிக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்திருந்தவர். பேரன் எடுத்தவர். மணி அவரைப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் சின்னப் பிள்ளை மாதிரி முடியை வளர்த்திருக்கிறாய் என்று திட்டிவிட்டுப் போனார்.

ஞானசெல்விக்கு வேலை நகரின் தெற்கே ஒரு தோல் சிகிச்சை நிலையத்தில், ஹவுஸ்கீப்பிங். காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சாயங்காலம் திரும்புவாள். அது வெறும் சிகிச்சை நிலையமல்ல, டாக்டர்களுக்கு அழகுக் கலை கற்றுக்கொடுக்கும் அகாடமியும்கூட. அங்கே ஒரு வாடிக்கையாளர் பாதி தீர்ந்த, முகத்தில் பூசும் சீரம் பாட்டிலை விட்டுவிட்டுப் போக, அவள் அதைக் கேட்டு வாங்கி வந்தாள். லேபிளை மதி படித்து, ஹயலூரானிக் ஆசிட் என்று சொன்னாள்.

"மூஞ்சில ஆசிட் ஊத்திக்க சொல்றியா?" என்றார் பகலவன். அவர் புழங்குகிற வட்டாரத்தில் ஆசிட் என்றால் டேங்கர் லாரியில் போவது.

"அந்த ஆசிட் இல்லய்யா. இது தண்ணி இஸ்க்கிற ஆசிட்டாம். டாக்டரம்மா கிளாஸ்ல சொல்லிகினு இருந்தாங்க."

"தண்ணி இஸ்க்கிறதுக்கு நம்மளாண்ட மோட்டாரே கீதே."

"மோட்டார மூஞ்சில மாட்டிகினு போ. ஆரு வேணாம்னா?"

அவர் சீரத்தை விசுவாசமாகத் தேய்த்தார். எப்போது தேய்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. எனவே பகலவன் தன் தொழில் அறிவைக் கொண்டு முடிவெடுத்தார். உலைக்குப் போகிறவன் கையுறையையும் கண்ணாடியையும் போவதற்கு முன்னால்தான் மாட்டுகிறான், திரும்பி வந்தல்ல. ஆகவே சீரத்தையும் ஷிஃப்டுக்கு முன்னால், முகத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இடது கன்னத்துக்குக் கூடுதலாகப் பூசிக்கொண்டு உலைக்கு முன்னால் போய் நின்றார்.

இந்தத் தவறை உலையில் வேலை செய்கிறவர் மட்டுமே செய்யமுடியும். அந்தப் பொருளின் சங்கிலி பெரியது, மேலே பூசினால் பெரும்பாலும் தோலுக்குள் இறங்காது. மேலேயே உட்கார்ந்துகொண்டு, எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அளந்து பார்த்தவர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. எப்படியிருந்தாலும் இழுக்க ஈரம் வேண்டும். முகம் நனைந்திருந்தால் அந்த நீரைப் பிடித்துக்கொள்ளும், மேலே கிரீம் பூசி மூடினால் போகவிடாது. காற்று ஈரமாக இருந்தால் அதுவும் கை கொடுக்கும். ஆலையோ கடலுக்குப் பக்கத்தில், வெளியே காற்றைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர் சொட்டும். உலைக்கு முன்னால் பத்தடி மட்டும் பாலைவனம். அங்கே மேலேயிருந்து இழுக்க ஒன்றுமில்லாததால் அது உள்ளேயிருந்து இழுத்தது. இழுத்ததை அனல் குடித்தது. பன்னிரண்டு நாளில் இடது கன்னம் கோடையில் வறண்ட ஏரிப் படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்தது.

கமால் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, காசிமேட்டுல காயப்போட்ட கருவாடு கணக்கா கீறே" என்றார்.

ஞானசெல்வி போய் அகாடமியின் தலைமை டாக்டர் மாயாவிடம் புலம்பினாள். மாயா விவரம் கேட்டுக்கொண்டார். கணவருக்கு என்ன வேலை என்று மட்டும் ஞானசெல்வி சரியாகச் சொல்லவில்லை. ஈரத் தோலில் பூச வேண்டும், மேலே கிரீம் பூச வேண்டும் என்று டாக்டர் விளக்கிவிட்டு, அவள் போனில் இருந்த கணவரின் போட்டோவைப் பார்த்தார். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு அதில் கஷ்டம் தெரியவில்லை, பாடம் தெரிந்தது. சனிக்கிழமை வகுப்பில் மாணவர்கள் ஊசி போட்டுப் பழக ஒரு மாடல் தேவைப்படுகிறது, எல்லாம் இலவசம், அவர் வருவாரா என்றார்.

மாடல் என்பது அகாடமியில் வழங்கும் பெயர். வைத்தியம் பார்த்துக்கொள்பவர் பேஷண்ட், வைத்தியம் கற்றுக்கொள்ள முகத்தைக் கொடுப்பவர் மாடல்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் இரண்டாம் நாள் திங்கட்கிழமை, மெஷின் வரும் நாள்.

வகுப்பில் எட்டு டாக்டர்கள். அவர்களில் மூன்று பேர் பல் டாக்டர்கள். பகலவனைச் சாய்நாற்காலியில் படுக்கவைத்து முகத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார்கள். படிவத்தில் நாற்பத்தொன்பது என்றிருந்ததைப் பார்த்த டாக்டர் மாயா, எழுத்துப் பிழையா என்று உதவியாளரைக் கேட்டார். பிறகு, "பெரியவரே, கண்ணை மூடிக்குங்க" என்றார். டாக்டருக்கு ஐம்பத்தாறு முடிந்திருந்தது. நாற்பதுக்கு ஒரு நாள் கூடச் சொல்லமுடியாது.

கண்ணை மூடிக்கொண்டு பகலவன் அன்றைய பாடத்தை முழுதாகக் கேட்டார். முன்பெல்லாம் இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். வெறும் திரவமாக உள்ளே போட்டால் உடம்பு ஓரிரு நாளில் கரைத்துவிடும். அதனால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி ஜெல்லாக்கி ஊசியில் அடைக்கிறார்கள். பின்னல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நாள் தாங்கும், ஆறு மாதமோ ஒரு வருடமோ. பள்ளம் விழுந்த இடத்தில் அடியில் போட்டால் மேலே தோலைத் தூக்கி நிறுத்தும். உள்ளே போனதும் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டு முதல் சில நாள் ஊதும். இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மையான அளவு தெரியும். ஊசி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப்போகும், கண் பார்வைகூடப் போகலாம்.

கடைசி வரி ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதால் பகலவன் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

வலது கன்னத்தை ஒரு டாக்டர் செய்தார், இடது கன்னத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது பக்கம் பள்ளம் அதிகம் என்பதால் மருந்தும் அதிகம் போனது. முடிந்ததும் டாக்டர் மாயா ஐஸ் பையைக் கையில் கொடுத்து, இரண்டு நாளைக்குச் சூடு படவே கூடாது, வீட்டில் அடுப்புப் பக்கம்கூடப் போகவேண்டாம் என்றார். என்ன வேலை பார்க்கிறார் என்று அப்போதுதான் கேட்டார்.

"இரும்பு ஆலைல, மேடம். க்ளீனிங் மாதிரி" என்றார் பகலவன். கசடு வழிப்பவர் சொன்னதால் அதைப் பொய்யென்று சொல்லமுடியாது.

திங்கட்கிழமை காலை அவர் முகம் பூரித்திருந்தது. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பூரித்திருந்தது. மீசையை எடுத்து முடிக்குச் சாயமும் பூசியிருந்தார். ஒப்பந்தக்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பல் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றார் பகலவன். மெஷின் நேராக ஒன்று, வலம் இடம் ஒவ்வொன்று, மேலே கீழே ஒவ்வொன்று என்று ஐந்து படம் எடுத்துக்கொண்டு "தேங்க் யூ" என்றது. மணி அந்தப் பெயருக்கு நேராக டிக் அடித்தார். அடிக்கும்போது பகலவனைப் பார்க்காமல் அடித்தார், அது ஒரு மரியாதை.

பத்து நாள் அந்த முகம் நன்றாக உழைத்தது. பிறகு டாக்டர் சொன்னபடியே வீக்கம் வடிந்தது. சொல்லாதபடி இன்னும் கொஞ்சமும் வடிந்தது, ஏனென்றால் அது உலைக்கு முன்னால் நின்றது. பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு மெஷின், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. அவர் மறுபடி முகத்தைக் காட்டினார். மெஷின் மறுபடி கேட்டுக்கொண்டது. பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

மலிவான மெஷின்தான். ஆனால் அதன் பார்வையில் ஒரு நியாயம் இருந்தது. தனக்குக் காட்டப்பட்ட ஆளை அது ஞாபகம் வைத்திருந்தது. அந்த ஆள் வரவில்லை.

மறுபடி படம் எடுக்கச் சொல்லலாம். ஒப்பந்தக்காரர் முன்னால்தான் எடுக்க முடியும். இந்த முகத்தை இப்போது அவர் பார்த்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பகலவன் வேறு வழி கண்டுபிடித்தார். இடது கன்னத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு நின்றார். மெஷின் யோசித்துவிட்டு, "தேங்க் யூ" என்றது. அடுத்த வாரம் காற்று போதவில்லை. டீக்கடையில் ஒரு பன் வாங்கி, ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டியதும் மென்று விழுங்குவார். வரிசையில் நின்றவர்களுக்குக் காலை நேரத்தில் வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. அவருக்கு மாடல் என்று பெயர் வைத்தார்கள். மாடல் வந்தாச்சா, மாடலுக்கு வழி விடு என்பார்கள். சனிக்கிழமை சமாசாரத்தைக் கமாலிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். கமால் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரிடமும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

பன்னும் ஒரு கட்டத்தில் தோற்றது. மெஷின் ஏற்காத நாள்களில் மணி, உள்ளே போ பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார். பகலவன் வேலை செய்தார், மெஷின் அவரை வரவில்லை என்று எழுதியது. பதினான்கு நாள் சேர்ந்ததும் விஷயம் மணியின் கையை மீறி அலுவலகத்துக்குப் போனது. ஒப்பந்தக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

வாயைத் திறக்கச் சொன்னார். பன் துண்டு இருந்தது. துப்பச் சொல்லிவிட்டுத் தானே மெஷினைத் திருப்பிப் படம் எடுத்தார். திரையில் முகமும் அதன் கீழே மெஷின் தானாக மதிப்பிட்ட வயதும் வந்தன. அறுபத்துமூன்று.

பகலவன் சான்றிதழின் அசலையே கையோடு கொண்டுபோயிருந்தார். மேசைமேல் வைத்தார். ஒப்பந்தக்காரர் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கையால் எழுதியது, இன்னொன்று இப்போது கம்ப்யூட்டர் சொல்வது. அவர் குரலில் கோபமே இல்லை.

"பெரியவரே, உங்கப்பா வயசு இருக்கறவங்கள அங்க நிக்க வெச்சு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? உழைச்சது போதும். வூட்ல போய் ரெஸ்ட் எடுங்க."

யாருடைய அப்பா வயது என்பதில் அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. பகலவன் சான்றிதழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதே வாரம் கமாலின் முகத்துக்கு மெஷின் நாற்பத்துநாலு என்று மதிப்பிட்டது. கமால் சிரிக்கவில்லை. தோஸ்துக்கு இப்படி ஆனபிறகு அந்த எண்ணைப் பார்க்கவே பேஜாராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் பகலவன் வேலை தேடினார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒவ்வொரு கேட்டிலும் அவரை மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். மரியாதை கிடைக்கிற இடத்தில் வேலை கிடைக்காது. மதியின் கல்லூரியிலிருந்து கட்டணம் கேட்டு இரண்டு தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது அவள் எடுக்கவில்லை.

வழி டாக்டர் மாயாவிடமிருந்தே வந்தது. அகாடமியில் ஒரு புதிய பாடம் ஆரம்பித்திருந்தார்கள். ஜெல்லைப் போடுவதை யார் வேண்டுமானாலும் கற்றுத்தரலாம், எடுப்பதைக் கற்றுத்தர ஆளில்லை. தப்பான இடத்தில் போய்விட்டால் அதைக் கரைக்க ஒரு நொதி இருக்கிறது. ஊசியில் போட்டால் பின்னலை அறுத்து ஒரு நாளுக்குள் ஜெல்லைத் தண்ணீராக்கிவிடும். உடம்பே தினமும் மெதுவாகச் செய்கிற காரியத்தை அது ஒரே மூச்சில் செய்யும். இந்தப் பாடத்துக்கு ஒரு முகம் வேண்டும். சனிக்கிழமை நிரப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கரைக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய முகமாக, பள்ளமுள்ளதாக இருந்தால் விசேஷம்.

பகலவனை ஹவுஸ்கீப்பிங்கில் எடுத்துக்கொண்டார்கள். வார நாளில் துடைப்பம், மாதத்தில் இரண்டு வார இறுதி முகம். படிவத்தில் வயது அறுபத்திரண்டு என்று உதவியாளர் தட்டச்சு செய்திருந்தார். பகலவன் கையெழுத்திட்டார்.

உலையில் நின்றபோது முகம் கெடுவது வேலையின் பக்க விளைவு. இங்கே அதுதான் தகுதி. ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் நொதி, போட்ட ஜெல் எது, அவருடைய சொந்தச் சொத்து எது என்று பார்ப்பதில்லை. இரண்டையும் அறுக்கும். சொந்தத்தை உடம்பு இரண்டு நாளில் மறுபடி செய்துகொள்ளும் என்று புத்தகம் சொன்னது. பகலவனின் உடம்பு அந்தப் புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஊதியும் வற்றியும் தோல் துவண்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை மெட்ரோவில் ஏறும்போது யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், அவரும் உட்கார்ந்துகொள்வார். அகாடமியில் அவரை முன்னைவிடப் பயனுள்ள மாடல் என்றார்கள். மதியின் கல்லூரியிலிருந்து போன் வருவது நின்றது.

மகளிடம் பல் வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தார். நான்காம் வருட நர்சிங் மாணவியிடம் அந்தக் கதை ஐந்து மாதம் ஓடியதே அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டை மாற்றும்போது தாடையோரம் வரிசையாக இருந்த ஊசித் தடங்களைப் பார்த்தாள். மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் போனில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவருக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

மெட்ரோவில் அவர்தான் பேசினார். பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். எழுபது நாள் என்றாள்.

வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் அவள் டாக்டர் மாயாவிடம் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. இதுவரை பத்துத் தடவை நிரப்பியும் கரைத்தும் ஆகிவிட்டது, ஒரே இடத்தில் எத்தனை தடவை செய்யலாம் என்று கேட்டாள். டாக்டர் முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். அவரிடம் நேர்மை இருந்தது, அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"தெரியாதும்மா. ஒரே ஆளுக்கு இத்தனை தடவை யாரும் செஞ்சு பாத்ததில்ல. உங்கப்பாவ வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."

மதி நாற்காலிப் பக்கம் வந்தாள். அதற்குள் பகலவன் சாய்ந்து படுத்திருந்தார். யாரும் சொல்லாமலே முகத்தைச் சரியான கோணத்தில் திருப்பி வைத்திருந்தார். வெள்ளைப் பென்சிலோடு ஒரு டாக்டர் காத்திருந்தார்.

"எந்திரிப்பா. வூட்டுக்குப் போலாம்."

"எழுவது நாளுன்னு நீதானே சொன்னே."

"நான் பரிச்ச எழுதல."

"எழுதுவ" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். டாக்டர்கள் எட்டு பேரும் நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் ஊசி இறங்கியபோது மூடிய இமைக்குள் பகலவனின் விழி ஒரு தரம் புரண்டது, அவ்வளவுதான். உதவியாளர் வேறு எங்கோ போயிருந்தார். டாக்டர் மாயா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நர்சிங் படிக்கும் பெண்தானே என்ற நினைப்பில் ஐஸ் பையை மதியின் கையில் கொடுத்து, அழுத்தாமல் பிடிக்கச் சொன்னார்.

அழுத்தாமல் பிடித்தாள்.